பத்துக்கு நாலு

மார்க் போடுவதில் நான் கொஞ்சம் கஞ்சம், டாக்டர். சாந்தோம் ஸ்கூலில் என்னிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சமூக அறிவியலில் நான் ஒருவருக்கும் முழு மார்க் கொடுத்ததில்லை. 'அரை மார்க் ஜொவிட்டா' என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தகுதிக்கு மேல் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்.

மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தீர்கள். பீரோவில் இத்தனை அட்டைகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். இவ்வளவு எப்படி மிச்சமானது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். காபியைக் குடியுங்கள், ஆறிப்போகிறது.

என் வீட்டுக்காரரை, அவர் நாக்கு போன பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ராஜநாயகத்தின் வாய் ஓயாது. பட்டினப்பாக்கத்தில் வாங்கிய வஞ்சிரம், டீக்கடையில் அவர் கதை சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மடங்கு வளர்ந்திருக்கும். கால் சுளுக்கினால் எலும்பு முறிந்துவிட்டது என்பார். ஊரில் எல்லாருக்கும் அவர் வேண்டும். வீட்டுக்குத் தூங்கத்தான் வருவார். கல்யாணத்தன்று கோயிலில் மோதிரம் போடும்போது என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாக்கில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து, அது மறுபடியும் தாடையில் கிளம்பியபோது, ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டார். "ஐயா, வலி பத்துக்கு எவ்ளோ? விரல்ல காட்டுங்க."

இவர் எட்டு விரல் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலுன்னு போட்டுக்கோங்க டாக்டர். இவரு எதையும் டபுளாத்தான் சொல்வாரு," என்றேன்.

அந்தப் பையனும் சிரித்தான். நாலு என்று எழுதிக்கொண்டு பாராசிட்டமால் கொடுத்தான். எனக்கு எரிச்சல்தான். வலியைப் போய்ப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்களா? ஒருத்தர் எட்டு என்பார், அதே வலியை இன்னொருத்தர் மூன்று என்பார், இதில் எதை வைத்துத் திருத்துவது? கேட்டுவிட்டார்களே என்று பதில் சொன்னேன். திரும்பி வரும்போது நந்தனம் சிக்னலில் ஆட்டோ கம்பியைக் கையால் குத்திக்கொண்டே இருந்தார். மார்க் குறைந்த கோபம் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அவர் விரல்களை விரிப்பார், நான் பாதியாக்குவேன். எங்கள் மகன் ஷெல்டன் ஹைதராபாத்திலிருந்து வந்தபோது ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தான். 'தாங்கல' என்று கோழிக் கிறுக்கலாக எழுதி, எழுதி, என் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். சாக்பீஸ் தூள் அவருக்கு இருமலைக் கிளப்பியது. சிலேட்டைப் பீரோ மேலே வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசாதான் பொறுக்க முடியாமல் வந்தாள். "இன்னா டீச்சர், ஐயா செவுத்த இடிச்சிக்கினே கீறாரு. எங்க வூட்ல ராவெல்லாம் யாரும் தூங்கல. வீட்டாண்ட வர்ற டாக்டரம்மா ஒருத்தங்க கீறாங்க, கூப்டேன்."

அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள். மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, மூக்கு வழியாகச் சாப்பாடு போகும் குழாயில் வேளை தவறாமல் விட வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர்கள். சொன்னபடி செய்தேன். சில நாளிலேயே ஆள் மாறிவிட்டார். சவரம் செய்துகொண்டார். கிரிக்கெட் பார்த்தார். பழைய கூட்டாளிகள் வந்தார்கள். நாக்கு இல்லாமலே இரண்டு கையையும் அகட்டி மீனின் நீளம் காட்டி, அவர்களை விழுந்து விழுந்து சிரிக்கவைத்தார். நான் காபி போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. வலி வந்தால் என் கையைத்தான் பிடிப்பார். மணிக்கட்டு கன்றிப்போகும். அடுப்படிக்குப் போனால் கண்ணாலேயே தேடுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைத் தேடியது அப்போதுதான். வலி இருந்தபோது என் கை. வலி போனதும் டிவி ரிமோட். எனக்கு ஆத்திரம் வந்தது, டாக்டர். அதை மறைக்க மாட்டேன், நான் பொய் பேசுகிறவள் இல்லை.

அதனால் குறைத்தேன். முதலில் பாதி மாத்திரை. அப்புறம் காலையில் மட்டும். மற்ற வேளைக்கு என் கால்சியம் மாத்திரையைப் பொடித்துக் கரைத்தேன். குழாயில் போவது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் மருந்து இனி கேட்காது என்று நினைத்திருப்பார். கூட்டாளிகள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கை மறுபடியும் என்னிடம் வந்தது.

கடைசித் தடவை வந்தபோது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அவரிடமே குனிந்து, "நீங்களே சொல்லுங்கோ சார், வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த பையைத் திறக்கத் திரும்பினீர்கள். அவர் இரண்டு கையையும் தூக்க ஆரம்பித்தார். பெரும்பாடுபட்டுத்தான் தூக்கினார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. எட்டு இல்லை, பத்தும்.

நான் அந்த இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துவைத்தேன்.

"உங்களுக்கு நன்றி சொல்றாரு டாக்டர். வலி இப்போ ரெண்டுதான்," என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்த்து, பதிலுக்குக் கும்பிட்டீர்கள். உங்கள் கண்கூடக் கலங்கியது. மருந்து இதே அளவில் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். ஷெல்டனிடமும் சொல்லுங்கள். பத்தையும் நான் பார்த்தேன், பார்த்துத்தான் மூடினேன். அதற்குப் பிறகு உயிர் போகிறவரை அவர் என் கையை விடவே இல்லை. இதோ பாருங்கள், அவர் நகம் இறங்கிய இடம் இன்னும் ஆறவில்லை. நீங்களே சொல்லுங்கள், டாக்டர். வேண்டாதவள் கையை யாராவது இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பார்களா?