பவுடர் போடாத தண்ணி

– மெதுவா, மெதுவா! வாலைப் பிடிக்காதீங்க. வலைய அடியில விட்டுத் தூக்குங்க.

– அட, பதினெட்டு சக்கர வண்டிய ரிவர்ஸ் எடுத்தவனுக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தர்றியா? வீல்சேரைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்க, தண்ணி தெறிக்கும்.

– தெறிக்கட்டும். அது யாரு, முதலாளியா?

– முதலாளியேதான். தீனின்னா முதல் ஆளு, வாளின்னா கடைசி ஆளு. மாட்டவே மாட்டேங்குது.

– பாவங்க. விட்டுருங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.

– சொன்னா கேளு. தொட்டித் தகரம் பூரா துருப்பிடிச்சு வயிறு தள்ளி நிக்குது. வெடிச்சா மொத்த மீனும் பக்கத்து வீட்டு வாசப்படியிலதான் கிடக்கும். மீன் கடைக்காரர் சாயங்காலம் வர்றேன்னுட்டாரு.

– எல்லாத்தையுமா குடுக்கப் போறீங்க?

– எல்லாத்தையும்தான். புதுசா ஒண்ணு வாங்கிட்டேன், உள்ள பெட்டியில இருக்கு. இதே மாதிரி மலிவுதான். ஆனா பிளாஸ்டிக், துருப்பிடிக்காது.

– அப்ப அதுலயே மீனை விடலாமே?

– அது மீனுக்கில்ல. உனக்கு.

– எனக்கா?

– இதையும் உனக்குத்தானே வாங்கினேன்! நீ இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வாக்கரோட வந்தப்ப டாக்டர் என்ன சொன்னாரு? தண்ணிக்குள்ள நடக்க வைங்க, ஆளைத் தண்ணி தாங்கிக்கும், தானா நடந்துருவாங்கன்னாரு. நீச்சல் குளம் கட்ட நமக்கேது வக்கு? அதான் இந்தத் தகரத்தை வட்டமா நிறுத்தி, உள்ள ஷீட்டை விரிச்சேன்.

– மொத நாள் என்னைப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் பேண்ட்டோட எறங்கினீங்க.

– பாக்கெட்டுல இருந்த போன் செத்ததும் அன்னைக்குத்தான். ஆனா நீ நடந்த! என் கையையும் உதறிட்டு நாலு எட்டு வெச்ச.

– ம்.

– அப்புறம் குளோரின் பவுடர் தீர்ந்துபோச்சு. அடுத்த டப்பாவோட நான் வந்து நின்னா, ரெண்டு தங்கமீன் உள்ள சுத்துது. எந்தப் புண்ணியவான் விட்டானோ. பவுடர் போட்டா மீன் செத்துரும். போடலைன்னா பாசி பிடிச்சு நீ எறங்க முடியாது. அப்பவே ரெண்டையும் வாளியில அள்ளியிருக்கணும்.

– நான்தானே, இருக்கட்டும், வாயில்லா ஜீவன்னு சொன்னேன்.

– நீ சொல்லுவ. என் புத்தி எங்க மேயப் போச்சு? ஒரு வாரம் இருக்கட்டும்னேன். அப்புறம் ரெண்டு கூட்டமாப் பெருகிருச்சு, பம்பு, பூனைக்கு வலை, வெயிலுக்குக் கூரை. லாரிய விட்டு எறங்கி வீட்டோட கிடந்தவனுக்கு அதுவே ஒரு பொழப்பாப் போச்சு. மீனைப் பார்த்தேன், உன்னைப் பாக்கல.

– பாக்காமலா குளிப்பாட்டித் தலை சீவி விடுறீங்க?

– அது யார் வேணா செய்வாங்க. உன்னை நடக்க வெச்சிருக்கணும், அதைச் செய்யல. மூணு வருஷத்தை அப்படியே வீணாக்கிட்டேன். உன் சேரைத் தள்ளுறப்பல்லாம் நெஞ்சு வலிக்குது.

– தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? விடுங்க.

– போகலைன்னுதான் சொல்றேன்! டாக்டரைப் போய்ப் பார்த்தேன். முழுசா பழையபடி வராதாம். ஆனா கம்பு ஊனிக்கிட்டு வீட்டுக்குள்ள நடமாடலாமாம். நீ எழுந்து நின்னுட்டா எனக்கு அது போதும்.

– நான் நின்னுட்டா நீங்க என்ன செய்வீங்க?

– நானா? பழைய ஓனர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு, லோடு இருக்கு ஆள் இல்லன்னு. போக வேண்டியதுதான். நீ நல்லா இருக்கப்ப நான் எதுக்கு வீட்டைக் காவல் காக்கணும்?

– மாசத்துக்கு ஒரு தடவை வருவீங்க.

– வருவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தானே ஓடுச்சு?

– ஆமா. அப்படித்தான் ஓடுச்சு.

– ஏய், என்ன கண்ணு கலங்குது? மீனுக்கா அழற? மொதல்ல அந்த ரெண்டு மீனை விட்டுட்டுப் போனவன் மட்டும் என் கையில சிக்கட்டும்.

– சிக்கினா?

– என் பொண்டாட்டி கால ஏண்டா பறிச்சன்னு கேப்பேன்.

– கேளுங்க. மாடி வீட்டுக்காரங்க காலி பண்றப்ப வாங்கி, வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுப் போயி நான்தாங்க விட்டேன்... நடந்துட்டா நீங்க மறுபடி லாரி ஏறிருவீங்கன்னு.