இடது பக்கத்து வேர்

அன்று காலை என் மனைவி பஸ்மியா பாணின் கருகிய ஓரத்தைத் தேநீரில் தோய்த்து, இடது பக்கமாகவே மென்று சாப்பிட்டாள். வலது பக்கத்தில் நாக்குக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்றாள்.

கீழ்த்தாடையில் புதைந்திருந்த இரண்டு ஞானப்பற்களையும் போன வருடம் பல் டொக்டர் வெட்டியிருந்தார். மேல்பாதியை மட்டும். வேர்கள் நரம்பை ஒட்டியிருக்கின்றனவாம். பிடுங்கினால் உதடு மரத்துப்போகுமாம். உள்ளே இருக்கட்டும், பின்னால் மேலே வந்தால் நரம்பை விட்டு விலகியிருக்கும், அப்போது வாருங்கள் என்றார். அரைகுறை வேலைக்குப் படித்தவர்கள் எவ்வளவு அழகாகக் காரணம் சொல்கிறார்கள்.

நான் கிண்ணியாக் கரையில் மரவள்ளம் திருத்துகிறவன். முறிந்த ஆணியைப் பலகைக்குள் விட்டு மேலே பூசி மூடுகிறவனைத் திருகோணமலைத் துறைமுகத்தில் யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. அந்த ஆணி பலகையைத் தின்றுவிடும்.

"டொக்டர்ட்ட ஒருக்காக் காட்டுவமே," என்றாள்.

"பாதியில விட்டவன்ட்டயே திரும்பப் போறதா? நான் எடுத்துத் தாறன்."

"உங்களுக்கு நான் என்ன வள்ளமா?"

"வள்ளமெண்டா இவ்வளவு கதைக்காது புள்ள."

சிரித்தாள். குசினிக் கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சிற்றுளியையும் குறட்டையும் கொதிநீரில் போட்டுத்தான் எடுத்தேன். நான் அழுக்கானவன் அல்ல. வலது பக்கத்து வேர் முழுதாக வந்தது. அவள் ஒருமுறையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்க்குள் என் கை இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்து கழுத்து வீங்கியது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அவளுடைய தம்பி றிப்தி ஓட்டோவோடு வந்து வாசலில் நின்றான்.

"மச்சான், ராத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"அவ நித்திர. காய்ச்சல் விட்டிட்டு," என்றேன்.

அறைக்குள் அவள் சுவரைத் தட்டினாள். அப்போது அவளுக்குக் குரல் இல்லை. தட்டியது அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் அந்த டொக்டரைத்தான் கூப்பிடுவார்கள். என் வேலையை அவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதை நான் விரும்பவில்லை. றிப்தி போய்விட்டான். அன்று மாலையில் அவள் மூச்சடைத்து இறந்தாள்.

கொன்றவன் நான் என்று உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேரை உள்ளே விட்டவர் அவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அவளுடைய மையத்தை வெட்டிப் பரிசோதித்தவர் நான் கேட்காமலே ஒன்று சொன்னார். இடது பக்கம் டொக்டர் விட்ட வேரின்மேல் எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறதாம். சுற்றிலும் ஒரு துளி சீழ் இல்லையாம்.

அந்த வேர் அப்படியே அவளோடு கபுறுக் குழியில் இருக்கிறது.