ஆற்றங்கரையில் நாலு தட்டு: எங்கள் கூடாரத்தாருக்கு ஒரு பணிநிறைவு மடல்

விண்ணேகும் ஊர்திகளின் விலாவறிந்த வித்தகரே! சக்கரம் முதல் சிறகு நுனி வரை சலியாது சரிபார்த்த செம்மலே! எண்ணெய்க் கறை படிந்த கையும் எள்ளளவும் கறை படியாத பெயரும் கொண்ட எங்கள் ஏந்தலே! மூன்றாம் ஹேங்கரின் மூத்தவரே! அண்ணனே! அன்பிற்கினிய கூடாரத்தாரே!

இதுவரை உள்ளது டயர் பிரிவு மீசைக்காரர் சொல்லச் சொல்ல எழுதியது. "அடுக்குமொழி இல்லாம மடல் எழுதினா ஃபிரேம் போடுறவரே திருப்பிக் கொடுத்துடுவார்" என்றார். அவர் ஆசையும் நிறைவேறட்டும். இனி வருவது, ஸ்டோர் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இத்தனை ஆண்டுகளாக உங்களுக்கு நட்டும் சீலும் எடுத்துக் கொடுத்த என் எழுத்து. எல்லாருக்காகவும்தான் எழுதுகிறேன், ஆனால் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

ஓயாது உழைத்த உத்தமரே! நீங்கள் வேலைக்கு வந்ததும் முதலில் செய்வது பைகளைக் காலி செய்வது. சில்லறை, சாவி, பேனா, சீப்பு எல்லாம் லாக்கருக்குள் போகும். இன்ஜின் அருகே போகிறவனின் சட்டைப் பையில் காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்பீர்கள். ஒருநாள், பறக்கத் தயாராக நின்ற விமானத்தை ஒரு ஸ்பேனருக்காக நிறுத்தி வைத்தீர்கள். கருவிப் பலகையில் அதன் இடம் காலியாக இருந்தது. பயணிகள் காத்திருந்தார்கள், மேலதிகாரி பல்லைக் கடித்தார், நாங்கள் தரையில் ஊர்ந்து தேடினோம். கடைசியில் அது மீசைக்காரரின் பின்பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. அவர் இந்த மேடையில் இதைச் சொல்லக் கூடாது என்று கெஞ்சினார். சொல்லிவிட்டேன். அன்று நீங்கள் அவரைத் திட்டவில்லை. ஸ்பேனரை வாங்கித் துடைத்துப் பலகையில் மாட்டிவிட்டு, "இப்ப போகட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

கூடாரத்தார் என்ற பட்டம் அரசு கொடுத்ததல்ல, விமானம் பழுதுபார்க்கும் இந்த ஹேங்கர் கொடுத்தது. வார விடுமுறை என்றால் நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடப்போம். நீங்களோ பழைய காரின் தலையில் கூடாரத்தைக் கட்டி, அண்ணியையும் மகளையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஆறு, ஏரி, மலையடிவாரம் என்று கிளம்பிவிடுவீர்கள். மறுநாள் டீ நேரத்தில் அந்தக் கதைதான் ஓடும். மகன் மீன் பிடிக்கப் போய்ச் செருப்பைப் பிடித்தது. நீங்கள் அடித்த கூடாரம் காற்றில் சரிந்து எல்லார் மேலும் விழுந்தது. "ஏரோப்ளேனைத் தாங்குறவருக்கு ஒரு துணியைத் தாங்கத் தெரியலையே" என்று அண்ணி உள்ளேயிருந்தே சிரித்தது. கேட்டுக் கேட்டு, பார்க்காத அந்த ஆற்றங்கரையில் நாங்களும் பாதி குடியிருந்தோம்.

பிறகு மகன் வெளியூருக்குப் படிக்கப் போய், வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். மகள் திருமணமாகி இன்னொரு தேசம் போனார். பேரன் பிறந்தபோது அண்ணி உதவிக்குப் போனார், மூன்று மாதம் என்று சொல்லி. மூன்று மாதம் ஆறு மாதமாகி, ஆண்டாகி, அதன் பிறகு "இன்னும் கொஞ்ச நாள்" என்று ஆனது. யாரையும் குறை சொல்ல முடியாது. குழந்தை சின்னது, மகளுக்கு வேலை, மருமகனுக்கு வேலை. நீங்களும் ஒருமுறை நீண்ட விடுப்பில் போய்ப் பாதியிலேயே திரும்பி வந்தீர்கள். "ஒரே ஒரு ரூம் வீடு. பகல்ல எல்லாரும் வெளிய போயிடுவாங்க, குட்டியும் அவளும் தூங்குவாங்க. சோபாவுக்கு நான்தான் காவல்" என்றீர்கள். சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். அதன் பிறகு டீ நேரத்தில் ஆறும் ஏரியும் வரவில்லை. "லீவு எப்படிண்ணா போச்சு?" என்று கேட்டால், "ம், போச்சு" என்பதோடு சரி.

பொறுமையின் பெட்டகமே! நீங்கள் சொல்ல விரும்பாத ஒன்றை இங்கே சொல்லப் போகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வார விடுமுறைக்கு மறுநாள் காலை, நீங்கள் வேலைக்கு வரவில்லை. உங்கள் லாக்கர் பூட்டியே இருந்தது. போன் அடித்தால் தொடர்பு இல்லை. சூப்பர்வைசரும் மீசைக்காரரும் நானும் உங்கள் வீட்டுக்கு ஓடினோம். பக்கத்து வீட்டு அம்மா, "நேத்துக் காலையில கார் எடுத்துட்டுப் போனாரு. வரலையே" என்றார். எங்கே போயிருப்பீர்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சூப்பர்வைசர் கடல் கடந்து அண்ணிக்குப் போன் போட்டார்.

அண்ணி அழவில்லை. உடனே சொன்னார்: "பக்கத்து வீட்டுல சாவி இருக்கும். உள்ள போய், பரண்ல நீலத் தார்ப்பாய் இருக்கான்னு பாருங்க."

உங்கள் வீட்டுக்குள் நான் அன்றுதான் முதலில் நுழைந்தேன். மேசையில் நாலு நாற்காலி. மூன்றின் மேல் மடித்த துணிகள் இருந்தன. குளிர்பதனப் பெட்டியின் கதவில் பேரன் கிறுக்கிய விமானம், அதற்குப் பூனை மாதிரி மீசை. பரணில் தார்ப்பாய் இல்லை.

"இல்லைங்களா? அப்போ ஆத்துக்குத்தான் போயிருக்கார். மலைக்குப் போனா தார்ப்பாய் எடுக்க மாட்டார்" என்றார் அண்ணி. "தம்பி, பழைய பாலம் கிட்டப் போனதும் சிக்னல் போயிடும். இப்பவே சொல்லிடுறேன், நல்லாக் கேட்டுக்கோங்க. பாலத்துக்கு முன்னாடி கார் நிக்கும். பாலம் தாண்டினதும் தண்ணி வர்ற பக்கமா நடங்க. ஒரு பெரிய மரம் ஆத்துக்குள்ள சாஞ்சு கிடக்கும். அதைத் தாண்டினா தட்டையா ஒரு பாறை. என் மக நடக்கப் பழகினதே அது மேலதான். அதுக்குப் பின்னாடி நிழல் இருக்கும். அங்கதான் நாங்க உக்காருவோம். அங்கதான் இருப்பார்." கடைசி வாக்கியத்தில்தான் அவர் குரல் உடைந்தது.

எத்தனையோ தேசங்களுக்கு அப்பால் ஒரு சமையலறையில் நின்றுகொண்டு, அவர் எங்களை மரம் மரமாக, கல் கல்லாக நடத்திக் கூட்டிப்போனார். கார் நின்றது. மரம் சாய்ந்திருந்தது. பாறைக்குப் பின்னால் நீங்கள் இருந்தீர்கள்.

தண்ணீர் மொண்டு வரப் போனபோது பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறீர்கள். கணுக்கால் ஒருபக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கூடாரத்துக் கம்பியை ஒடித்து இரண்டு பக்கமும் வைத்து நீங்களே கட்டியிருந்தீர்கள். உதடு வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதுப்பா. பறக்கத் தகுதி இல்ல" என்றீர்கள். மீசைக்காரர் சிரிக்கப் போய் அழுதுவிட்டார்.

பாறையின் நிழலில் நாலு தட்டு இருந்தது. நாலு டம்ளர். தட்டுகள் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். ஒரு தட்டில் மட்டும் ரொட்டித் துணுக்கு. நாங்கள் அதைப் பார்ப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"யாரும் வரல. கை தானா நாலா எடுத்துடுது" என்றீர்கள், மன்னிப்புக் கேட்பவர் போல. சூப்பர்வைசர் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் தட்டுகளை அடுக்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டியதும் சூப்பர்வைசரின் போன் அடித்தது, அண்ணிதான். உங்கள் காதில் வைத்தோம். பக்கத்தில் நின்றதால் இரண்டு பக்கமும் கேட்டது.

"எங்க அடி?"

"கணுக்கால். சின்னதுதான்."

"பொய் சொல்லாதீங்க."

"எலும்புதான் போல."

"ராத்திரி பூரா அங்கயா இருந்தீங்க?"

"தார்ப்பாயைச் சுத்திக்கிட்டேன். குளிர் அவ்வளவா இல்ல."

பிறகு அண்ணி, "தண்ணி எவ்வளவு ஓடுது?" என்று கேட்டார்.

"முழங்கால் அளவு. தெளிவா இருக்கு. குட்டி வந்தா இறங்கி விளையாடலாம்."

"ம்" என்றார் அண்ணி. "சரி, அவன் எழுந்துட்டான். வைக்கட்டுமா?"

"வை."

அடுத்த வாரமே அண்ணி வந்து சேர்ந்தார். கட்டு அவிழ்ந்து நீங்கள் மறுபடி ஏணி ஏறும்வரை இருந்தார். அந்த நாட்களில் உங்கள் டிபன் பாக்ஸ் கனத்தது. எங்களுக்கும் பங்கு வந்தது. டீ நேரத்தில் கதை வந்தது. பிறகு அவர் திரும்பும் நாளும் வந்தது. அவர் ஏறும் விமானத்தைச் சரிபார்த்து அனுப்பும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். டயரைத் தொட்டுப் பார்த்தீர்கள், இன்ஜின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தீர்கள், பார்த்ததையே இன்னொரு சுற்றுப் பார்த்தீர்கள். விமானம் நகரத் தயாரானதும், வழக்கம்போல, சக்கரப் பூட்டிலிருந்து கழற்றிய சிவப்பு நாடா கட்டிய பின்னை உயர்த்தி விமானிக்குக் காட்டினீர்கள். அவர் கையசைத்தார். வேலை அதோடு முடிந்தது. ஆனால் உங்கள் கை இறங்கவில்லை. இறக்கைக்கு முன்னால் இருந்த ஜன்னல் வரிசையைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள், விமானம் திரும்பி வால் தெரியும்வரை.

அண்ணிக்குக் கடைசி நேரத்தில் இருக்கை மாறிவிட்டதாம், மறுபக்கத்துக்கு. போய் இறங்கிய பிறகு போனில் சொன்னாராம். "பரவால்ல, யாரோ ஒரு சின்னப் பொண்ணு பதிலுக்கு ஆட்டுச்சு" என்று நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு பாக்கெட் வாஷர் கேட்டீர்கள்.

ஒருமுறை எங்கள் குடும்பங்களெல்லாம் சேர்ந்து உங்களை அந்த ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனோம். அடுப்பு மூட்டினீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தீர்கள், மீசைக்காரரைத் தண்ணீரில் தள்ளிவிட்டீர்கள். பொழுது சாயும்போது மட்டும் கூட்டத்தை விட்டுத் தள்ளி, அந்தச் சாய்ந்த மரத்தருகே தனியாக நின்றீர்கள். வந்திருந்தது முப்பது பேர். வராதவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேருக்கு நாங்கள் முப்பது பேரும் ஈடாக முடியாது என்று அன்று புரிந்தது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்றும் அண்ணி இந்த அரங்கில் இல்லை. மகளுக்கு இரண்டாவது பிரசவம் இந்த வாரமோ அடுத்த வாரமோ. நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள் என்று தெரியும். அங்கேயே தங்கச் சொல்லி மகள் கேட்டதும் தெரியும். "வீட்டைத் திறந்து வைக்க ஆள் வேணும்ல, அவ வரும்போது" என்று நீங்கள் சொன்ன பதிலும் தெரியும்.

ஆதலால், தன்னலமற்ற தகைமையாளரே, உங்களை வாழ்த்துவது எப்படி என்று நாங்கள் யோசித்தோம். நூறாண்டு வாழ்க என்று சொல்வது எளிது. தனியாக நூறாண்டு என்பது வாழ்த்தா என்று சூப்பர்வைசர் கேட்டார். எனவே இப்படி வாழ்த்துகிறோம்: கணுக்கால் குளிர்காலத்தில் வலிக்காதிருக்கட்டும். கண் தெளிவாகவும் தூக்கம் ஆழமாகவும் அமையட்டும். பிறக்கப் போகும் குழந்தை சீக்கிரம் நடக்கட்டும், சீக்கிரம் பள்ளிக்கூடம் போகட்டும். "இன்னும் கொஞ்ச நாள்" என்பது ஒருநாள் மெய்யாகவே கொஞ்ச நாளாகட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாளை முதல் உங்களுக்கு எல்லா நாளும் விடுமுறை. நீங்கள் வீட்டில் அடங்கிக் கிடக்க மாட்டீர்கள். போங்கள், ஆற்றுக்கும் போங்கள், மலைக்கும் போங்கள். எங்களோடு வர வேண்டும் என்று வற்புறுத்த மாட்டோம். எத்தனை தட்டு எடுத்துப் போகிறீர்கள் என்றும் கேட்க மாட்டோம். கிளம்பும்போது மட்டும் ஸ்டோருக்கு ஒரு போன் போட்டு, இன்ன இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். வீடு திரும்பியதும், வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது போன் வரும்வரை எங்களில் ஒருவர் கம்பிக் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருப்பார்.

கிரீஸ் போகாத கைகளைக் கூப்பி,
உங்கள் மூன்றாம் ஹேங்கர் ஊழியர்கள் அனைவரும்