அரை வயிற்றுக் கூனிகள்

உயிர் என்பது நெருப்பு. அதை அடக்கி எரிப்பவனே நெடுநாள் வாழ்கிறான். இந்தப் பேருண்மையை நான் கண்டடைந்தது ஐம்பது காலி ஜாம் பாட்டில்களில்.

ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். ஆறு கடலில் சேரும் இடத்து உப்புத் தண்ணீரில் கூனி என்றொரு சிற்றிறால் உண்டு. விரல் நகம் அளவுதான். ஐந்தாறு நாளுக்கொரு முறை சட்டை உரிக்கும். பெண் கூனி வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும். நாற்பது நாளில் கதை முடிந்துவிடும். தின்பதில் பாதிக்கு மேல் நீந்தவும் மூச்சுவிடவுமே போய்விடும். மிச்சத்தில்தான் வளர்த்தி, சட்டை, குஞ்சு எல்லாம். இருபத்தாறு வருடம் இதைத்தான் அளந்தேன். என் அறை வாசலில் 'ஆற்றலியல் பிரிவு' என்று பலகை தொங்கும். பிரிவில் இருந்தது நானும், காலையில் எனக்கு முன்னே வந்து பாட்டில்களுக்குத் தண்ணீர் மாற்றும் வேலைக்கார அக்காவும்.

பாட்டிலுக்கு ஒரு கூனிதான். இரண்டை விட்டால், சட்டை உரித்து மெத்தென்று கிடப்பதை மற்றது தின்றுவிடும். தனியாக இருப்பது உடம்புக்கு நல்லது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

பாதிப் பாட்டில்களுக்கு முழு இரை, மீதிக்கு அரை இரை போட்டேன். முழு வயிறுகள் நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தன. அரை வயிறுகள் எழுபதைத் தாண்டின. நாற்பத்தோராம் நாள் அவற்றில் ஒன்று திடீரென ஒரு மில்லிமீட்டர் வளரவும் செய்தது. 'சிக்கனத்தின் பரிசு' என்று தலைப்பிட்டு அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.

அந்த மாதம்தான் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீட்டில் நாங்கள் இருவர்தான். "நல்லா பாத்துக்கிட்டா இன்னும் ரெண்டு வருஷம் இருப்பார்" என்றார் டாக்டர். இரண்டு வருடம் எனக்குப் போதவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் "வந்துட்டியாடா?" என்று கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஆகவே அண்ணனுக்கும் அரை இரை. ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தே கொடுத்தேன்.

"டேய், முப்பது வருஷம் உள்ள போ, உள்ள போன்னு கத்துனவன்டா நான். இப்ப உள்ள ஒண்ணும் போக மாட்டேங்குதே" என்றார்.

"உன் நல்லதுக்குத்தாண்ணே."

"நான் என்ன உன் கூனியாடா?"

அவரோடு சீட்டாட வந்த பழைய டிரைவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். சிரிப்பு பெரிய செலவு. பிறகு பேச்சையும் நிறுத்தச் சொன்னேன், அதுவும் மூச்சுதானே. மூன்றாம் மாதம் அவரே ஒத்துழைக்கத் தொடங்கினார். நான் வந்தாலும் ஒன்றும் கேட்பதில்லை, கண்ணை மட்டும் திருப்புவார். நல்ல கை மட்டும் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைத் துண்டால் கட்டிவைத்தேன். மெதுவாகத்தான் கட்டினேன்.

நூற்றுப் பதினோராம் நாள் காலை, முப்பத்தொரு கிலோவில், அவர் இறந்தார். பட்டினி போட்டது நான்தான், மறுக்கவில்லை, வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் அண்ணனின் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கூனிகள் அன்றைக்கும் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

துக்கம் கேட்க வந்த ஆய்வுக்கூட அக்காவிடமும் இதையே சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ சார், அதுங்க எங்க இருந்துச்சு? அரை வயித்துல பத்து நாள்கூடத் தாங்கல. உங்க மூஞ்சி வாடிப்போகுமேன்னு, சாகச் சாக நான்தான் பெரிய தொட்டியிலேருந்து வேற ஒண்ணைப் பிடிச்சுப் போட்டுட்டிருந்தேன்."

நாற்பத்தோராம் நாள் வளர்ந்ததாக நான் எழுதியது வேறொரு கூனி.