யார் மட்டையில் பட்டது

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பேட்மிண்டன் மட்டைகளோடு இரண்டு பெண்கள். ஜோடியாக ஆடித் தோற்றுவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“நடுவரே பாக்கல. நீ எதுக்குடி கையத் தூக்கி ‘டச்’னு சொன்ன?” என்று ஜன்னலோரத்தவள் சீறினாள்.

“ஷட்டில் பேட்ல உரசிட்டுத்தான வெளிய போச்சு.”

“பெரிய அரிச்சந்திரன் பேத்தி! அந்தப் பாயிண்ட் வந்திருந்தா செயிச்சிருப்போம். இதுதான் கடைசித் தடவைன்னு சொல்லித்தான் எங்கப்பா விட்டாக. எனக்கு இனி ஆட்டமே கெடையாது.”

அடித்துவிடுவாளோ என்று எனக்குப் பதறியது. பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“உன் பேட்ல பட்டது உனக்கு மட்டும்தான தெரியும்? பேசாம நின்னா என்ன?”

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு பேரும்தான பேட்ட நீட்டுனோம்? பட்டது உன் பேட்லடி. டிக்குன்னு கேட்டுச்சு. நீ கையத் தூக்குவன்னு பாத்தேன். தூக்கல. அதான் நான் தூக்குனேன்.”

பேருந்து சின்னமனூரைத் தாண்டியது.

“எனக்கும் கேட்டுச்சு,” என்றாள் ஜன்னலோரத்தவள். “எங்கப்பா கேட்டா, உன் பேட்ல பட்டதாவே சொல்லிருடி.”

“அங்கனயாவது நீ கையத் தூக்கு.”