கண்ணாடி கட்டாயம்

இருசக்கர வண்டியில் போகும்போது ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்கிறவன் நான். மற்றவர்கள் அதைத் தொப்பிபோலக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். விழும்போது தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் உருளும். என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஜாக்கிரதையான ஆள் என்றுதான் சொல்வார்கள், ஐயா.

பிளாஸ்டிக் குழாய் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். யாரும் கேட்காததைத் தினமும் சொல்வதற்குச் சம்பளம். அங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டேன். விதிகளை யாரும் முன்கூட்டி யோசித்து எழுதுவதில்லை. யாருக்காவது ஏதாவது போன பிறகுதான் எழுதுகிறார்கள். கழிவுக் குழாய்களை அரைக்கும் இயந்திரத்துக்கு மூடி போடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டேன். "அடுத்த பட்ஜெட்ல பார்ப்போம் சார்" என்பார் மேலாளர். பெருக்குகிற அம்மாவின் வலது கை அதில் முழங்கை வரை போனது. மறுநாள் காலை மூடி வந்து இறங்கியது. அதுவும் எவர்சில்வரில்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் சேர்ந்ததுதான் ஒளிக்கற்றை உயர் ஆய்வு மன்றம். பெயரைக் கேட்டுப் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, மின்விசிறி. உறுப்பினர்கள் நான்கு பேர், பதவிகளும் நான்கு. முன்னாள் கல்லூரி ஆசிரியர் தலைவர். செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் பொருளாளர். போர்டு எழுதுகிற பெயின்டர் துணைத் தலைவர். நான் பாதுகாப்புச் செயலாளர். உயர் ஆய்வில் அதுவரை நாங்கள் கண்டது, தலைவரின் பெயரை லேசரால் ஒரு பலகையில் பொசுக்கியது. அதிலும் ஓர் எழுத்து கருகிவிட்டது.

லேசர் டயோடு என்பது மிளகளவுப் பொருள். நேராகப் பேட்டரியில் மாட்டினால் கிடைக்கிற மின்சாரத்தையெல்லாம் விழுங்கிவிட்டுச் செத்துப்போகும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் நகத்தளவு பலகை ஒன்றை வைப்பார்கள். அதற்கு டிரைவர் என்று பெயர். 'இவ்வளவுதான், போதும்' என்று சொல்வது அதன் வேலை. என் வேலையும் அதுவாகவே இருந்ததால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். டிரைவர் வாங்கியிருக்கிறேன் என்று முதல் தடவை சொன்னபோது என் மனைவி, "இருக்கிறது ஓட்டை ஸ்கூட்டர், அதுக்கு டிரைவர் ஒரு கேடா" என்றாள்.

பொருளாளர் இருப்பதிலேயே மலிவான டிரைவராகப் பார்த்து வரவழைப்பார். பழைய லேப்டாப் சார்ஜரின் கம்பியை வெட்டி, எது பிளஸ் எது மைனஸ் என்றுகூடப் பார்க்காமல் செருகுவார். டயோடைப் பொருத்துவதற்கு முன் அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடையை, மாட்டி எவ்வளவு வருகிறது என்று அளந்துவிடலாமே என்பேன்.

"அண்ணே, நீங்க தண்ணியையும் அளந்து பார்த்துத்தான் குடிப்பீங்களா?"

கொஞ்ச நேரத்தில் டயோடு போய்விடும். தலைவர் எழுந்து நின்று, "தோல்வியும் ஓர் ஆய்வு முடிவே" என்று அறிவிப்பார். நாங்கள் கைதட்டுவோம்.

நான் கொண்டுவந்தது ஒரே ஒரு தீர்மானம். லேசரை எரிக்கும்போது அந்த நிறத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடியை எல்லோரும் அணிய வேண்டும். அதைக் கட்டாயமாக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் சிரித்தவன் பெயின்டர்.

"அண்ணே, அதைப் போட்டா எனக்குச் சிவப்பும் தெரியல, பச்சையும் தெரியல. ஊரே சேறா இருக்கு. நீங்க போட்டுக்குங்க. உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"செயலாளரே, விஞ்ஞானத்துக்குத் துணிச்சல் வேணும்" என்றார் தலைவர். இவர் ரப்பர் செருப்பு போடாமல் சுவிட்சைத் தொடாதவர்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைக்கப்பட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. இங்கே இன்னும் யாருக்கும் எதுவும் போகவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

யாருக்குப் போக வேண்டும் என்பதையும் அவசரப்படாமல்தான் யோசித்தேன். தலைவருக்கு ஏற்கெனவே கண்புரை. ஒன்று போனாலும் வயதைக் காரணம் சொல்லிவிடுவார்கள். பொருளாளரின் கண்ணுக்கு இரண்டு வாரம் அனுதாபம் கிடைக்கும். பெயின்டருக்குக் கண்தான் பிழைப்பு. அளவுகோல் இல்லாமல் சுவரில் நேர்கோடு இழுப்பான். அது போனால் யாராலும் அலட்சியப்படுத்த முடியாது. அவன்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. மன்றத்திலேயே எனக்குப் பிடித்தவன் அவன்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தருகிற டயோடும் உண்டு. அதில் ஒன்று வாங்கினேன். டிரைவரையும் நல்லதாகவே வாங்கி, அளந்து, சோதித்து, வழக்கமான சிவப்பு லேசரின் கூட்டுக்குள் பொருத்தினேன். டார்ச் எரியாவிட்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? முகத்துக்கு நேரே திருப்பிப் பார்ப்போம். "தம்பி, இது எரிய மாட்டேங்குது, என்னன்னு பாரு" என்று கொடுத்துவிட்டு, அந்த ஒளிக்கு ஏற்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். பெயின்டர் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தான்.

"எரியலையே அண்ணே" என்றான். பிறகு, "நடுவுல ஏதோ கறுப்பா நிக்குது" என்றான். கையால் தள்ளிப் பார்த்தான். அது தள்ளினால் போகிற கறுப்பு அல்ல.

அரைவை இயந்திரத்தின் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அம்மா சுத்தம் செய்வதற்காக அதை நிறுத்தித்தான் வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டவன் நான். யார் போட்டது என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரியும் நான்தான். அந்த மூடி இன்றைக்கும் இருக்கிறது, ஐயா. அதற்குப் பிறகு அங்கே ஒரு விரல்கூடப் போனதில்லை. எத்தனை கைகள் மிஞ்சின என்று எண்ணிப் பார்த்து யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மன்றம் கூடியது. தலைவர் ஒரு நிமிட மௌனத்துடன் தொடங்கினார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்த பெயின்டருக்குத் தானும் எழுந்து நிற்க வேண்டுமா என்று தெரியவில்லை. பிறகு தலைவர், "சர்க்கரையாகூட இருக்கலாம். எதுக்கும் ஒரு துணைக்குழு போடுவோம்" என்றார். நான்கு பேரில் மூன்று பேர் துணைக்குழு. 'விரும்புபவர்கள் அணியலாம்' என்று திருத்தி என் தீர்மானத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கண் முழுதாக வீணாய்ப்போனது. அன்று என்னைவிட வருத்தப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், பெயின்டர் என் வீட்டு மாடி அறைக்கு வந்தான். கையில் அந்த லேசர்.

"அண்ணே, இது எரியலைன்னுதானே குடுத்தீங்க?"

"ஆமா தம்பி."

"எரியுதுண்ணே. சுவத்துல அடிச்சு, பொண்ணு செல்போன்ல வீடியோ எடுத்தா. கேமராவுல மட்டும் ஊதாவா பளிச்சுன்னு தெரியுது." லேசரை மேசைமேல் வைத்தான். "உங்களுக்குத் தெரியும்லண்ணே. நீங்க அன்னைக்கு மட்டும் வேற கண்ணாடி போட்டிருந்தீங்க. நிறம் பார்க்கிறவன் நான். எனக்கு மறக்குமா?"

அவன் சத்தம் போட்டிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். அவன் அழுதான். அழுகிற கண்ணில் ஒன்று மட்டும் என்னைப் பார்த்தது. பாதி வேலையோடு விட்டால் அந்த முதல் கண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

பெரிய ஸ்பானரால் காதுக்குப் பின்னால் அடித்தேன். இரண்டாவது அடிக்குத்தான் விழுந்தான். கைகளை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டினேன். தொழிற்சாலை ஏலத்தில் எடுத்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று மேசையில் இருந்தது. தலை ஆடினால் வேலை சுத்தமாக இருக்காது. அதனால் தலையை அதில் வைத்து இறுக்கினேன். தோல் கிழியாமல் இருக்க வைஸின் தாடைகளில் ரப்பர் வைத்தேன். இருந்தும் ஏதோ ஒன்று நொறுங்கிய சத்தம் கேட்டது. கன்ன எலும்பு என்று பிறகு டாக்டர் சொன்னாராம். அவன் விழித்துக்கொண்டு, "அண்ணே, போர்டு எழுதணும்ண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இமையைத் திறந்து வைக்க இரண்டு விரல் போதும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பேட்டரியை மாட்டினேன். டிரைவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. கடைசி வரை ஒரே அளவு.

மகள் கீழே ஸ்கூட்டரில் காத்திருப்பதை அவன் சொல்லவே இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்து கதவைத் தட்டினாள். லேசர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதனால் கதவைத் திறந்ததும் முதலில் அவளிடம் ஒரு கண்ணாடியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு கண்ணையும் எடுத்தது நான். அந்த அம்மாவின் கையை எடுத்ததும் நான். மறைக்க எதுவும் இல்லை.

நேற்று பொருளாளர் உங்களிடம் சாட்சி சொல்ல வந்திருந்தார். வராந்தாவில் பார்த்து, மன்றத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சுவரிடம் பதில் சொன்னார்.

"போட்டாச்சுய்யா. தலைவர் பயந்துபோய் அன்னைக்கே கூட்டம் வச்சிட்டாரு. ரெண்டு பேரும் கையைத் தூக்கிட்டோம். கண்ணாடி கட்டாயம். போதுமா?"

ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது, ஐயா. பெயின்டர் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லையாம். அதை எதிர்ப்பு என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தீர்மானத்தின் அருமை அவனைவிட யாருக்குத் தெரியும்?