மழை அட்டை

இரண்டு வேலையை ஒரே ஆள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நீங்களும் அதில்தான் ஆரம்பித்தீர்கள் மேடம். இன்ஸ்பெக்டர் ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பேச்சைத் தொடங்குவார் என்று நான் நினைக்கவில்லை. டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

சமாளிப்பது சுலபம். ஒன்றை ஒன்று தொடவிடக் கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை சாஃப்ட்வேர். சனிக்கிழமை போர்டு கேம். அட்டையும் காயும் வைத்து மேஜைமேல் ஆடுவார்களே, அந்த மாதிரி. நான் ஆடுகிறவன் இல்லை, ஆட்டத்தை உருவாக்குகிறவன். ஆடுகிறவனுக்கு ஜெயித்தால் போதும். உருவாக்குகிறவனுக்கு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லாரும் சரியான அளவில் தவிக்க வேண்டும்.

ஆபீஸ் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடி. மூன்றே பேர். புருஷோத்தமனாகிய நான் முதலாளி. மெர்லின் மூளை. தமிழரசன் வாய். திண்டிவனத்து ஸ்வீட் ஸ்டால்காரர் லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வார். பொம்மையார்பாளையத்து ரிசார்ட்காரர் போட்டோவில் கடலை இன்னும் கொஞ்சம் நீலமாக்கச் சொல்வார். ஐந்து நாள் இதைச் செய்கிறவனுக்கு ஆறாவது நாள் ஒரு ஆட்டம் வேண்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

என் ஆட்டத்தின் பெயர் ‘அளம்’. ஆளுக்கு ஒரு உப்புப் பாத்தி. வெயில் அட்டை விழுந்தால் உப்பு பூக்கும். மழை அட்டை விழுந்தால், மூடாத உப்பெல்லாம் கரையும். இதில் ஒரு சின்னக் குறும்பு வைத்திருந்தேன். மழை அட்டையை ஒருவர் மட்டும்தான் பார்ப்பார். பக்கத்துப் பாத்திக்காரரிடம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாவிட்டால் அவர் உப்பு கரையும், உங்கள் உப்பு விலை ஏறும்.

சனிக்கிழமைதோறும் மெர்லினையும் தமிழரசனையும் உட்காரவைத்து ஆடிப் பார்ப்பேன். பிரியாணி என் செலவு.

மெர்லின் மழை அட்டையை எடுத்தாள். எடுத்த கையோடு, “டேய் தமிழு, மூடு மூடு, மழை வருது” என்றாள்.

“ஏம்மா, அட்டய காட்டக் கூடாதுன்னு ரூல் இருக்குதுல்ல?” என்றான் தமிழரசன், மூடிக்கொண்டே.

“காட்டல. சொன்னேன்.”

“சொல்லாம வுட்டா நீதான் ஜெயிப்ப மெர்லின்” என்றேன் நான்.

“ஜெயிச்சு இன்னாண்ணா பண்றது? திங்கக்கெழம இவன் மூஞ்சிலதானே முழிக்கணும்.”

அடுத்த வாரம் தமிழரசனைத் தனியாகக் கூப்பிட்டு, தயவுசெய்து சொல்லித் தொலைக்காதே என்றேன். தலையாட்டினான். மழை அட்டை வந்ததும் இருமினான். அந்த இருமலில் ஊரே பாத்தியை மூடிவிடும்.

பெங்களூரில் போர்டு கேம் வெளியிடுகிற ஒருவருக்கு அனுப்பினேன். படங்கள் பிரமாதம் என்று எழுதினார். கீழே ஒரு வரி: ‘இது விளையாட்டா, மகளிர் சுயஉதவிக் குழுவா?’

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சரி, சொல்லட்டும். கேட்கிறவர் நம்பாமல் போனால்? அங்கேதான் ஆட்டம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் எப்போது நம்பாமல் போவார்? ஒரு பொய்யிலா, பத்துப் பொய்யிலா? மெர்லினைக் கேட்டேன். “அது ஆளப் பொறுத்ததுண்ணா” என்றாள். ஆளைப் பொறுத்தது என்பதை அட்டையில் அச்சடிக்க முடியாது மேடம்.

இப்போது நீங்கள் காத்திருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுடைய வாடிக்கையாளர்களிலேயே தங்கமானவர்கள் உப்பளக் குத்தகைக்காரர்கள்தான். லோகோவே கேட்காதவர்கள். அவர்களுக்காக ஒரு சேவை செய்துகொடுத்தோம். ரேடாரில் மேகம் தெரிந்தால் எல்லாருடைய போனும் அடிக்கும். எடுத்தால் மெர்லினின் குரல்: ‘மழை வருது, உப்ப மூடுங்க, வெட்டவெளில நிக்காதீங்க.’ அவ்வளவுதான். உப்பை வாரிக் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார்கள். அந்தச் சேவை வந்த பிறகு அளத்தில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மெர்லின் தெருவில் போனால், மழை எப்பம்மா என்று கேட்பார்கள். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே ஏதாவது சொல்வாள்.

கழுவெளிச் சதுப்பு ஏரி ஓரமாக, மற்ற அளங்களிலிருந்து தள்ளி, இரண்டு பேருக்கு மட்டும் அடுத்தடுத்துப் பாத்திகள். சக்கரபாணி, அவர் தங்கை ஜெயா. பாத்தியில் இறங்கினால் போனைக் கொட்டகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள், உப்புத்தண்ணீர் பட்டால் போன் போய்விடும். அதனால் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் போன் முதலில் அடிக்கிறதோ, அவர் ஓடிப்போய் எடுத்துக் கேட்டுவிட்டு, கொட்டகையில் தொங்கும் தகரத்தைத் தட்ட வேண்டும். தட்டாமல் தன் உப்பை மூடுகிறவனுக்கு அங்கே பெண் கூடக் கொடுக்க மாட்டார்கள்.

தனியான இடம், இரண்டே ஆட்டக்காரர்கள், தெளிவான விதி. நானே உட்கார்ந்து வரைந்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செய்தது இரண்டே காரியம். ஜெயாவின் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். சக்கரபாணிக்கு மட்டும், வெயில் கொளுத்துகிற நாளாகப் பார்த்து, டெஸ்ட் கால் என்று ஒன்று இருக்கிறதே, அதை அனுப்பினேன். மெர்லின் சாப்பிடப் போகும்போது லேப்டாப்பை மூட மாட்டாள். ஆபீஸ் என்பது குடும்பம், பூட்டு எதற்கு என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

முதல் தடவை சக்கரபாணி தகரம் தட்டினார். ஜெயா பூத்தும் பூக்காத உப்பையெல்லாம் அவசரமாக வாரிக் குவித்தாள். மழை இல்லை. அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை நான் அங்கேயே இருந்தேன். சேவை எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்கப் போகிற சாக்கு எனக்கு எப்போதும் உண்டு.

“இன்னாண்ணா, உனக்கு வேற வேலை இல்லியா?” என்று வரப்பில் நின்று கத்தினாள் ஜெயா. “வாரினதெல்லாம் மாவா இருக்குது. எவன் வாங்குவான் இத?”

“போன் வந்துச்சும்மா. அந்தப் பொண்ணு சொன்னத நான் காதால கேட்டேன்.”

“உனக்கு மட்டும் தனியா சொல்லுதா? எம் போன் ஒண்ணும் அடிக்கலியே. எம் பாத்தி உப்பு நல்லா பூத்துச்சுன்னு உனக்கு வயித்தெரிச்சல், வேற இன்னா?”

“ஏம்மா, நான் உன் அண்ணன்மா.”

“அண்ணன்னா அண்ணனா இரு. இனிமே நீ தகரத்த ஒடைச்சே போட்டாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்.”

மூன்று. அவ்வளவு எளிமையான விடை. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சக்கரபாணி மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “சார், எனக்கு வருது, தங்கச்சிக்கு வர மாட்டுது. என்னப் பொய்யன்னு சொல்லுது சார். பேசவே மாட்டுது. இத மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க.”

மெர்லின் உடனே லேப்டாப்பைத் திறந்தாள். “ணா, ஜெயாக்கா நம்பரே இல்லண்ணா லிஸ்ட்ல. யாரோ டெஸ்ட் கால் வேற போட்டுருக்காங்க. ரெண்டு நிமிஷம், நான் சேத்து வுட்டுர்றேன்.”

நான் சொன்னேன், இன்று சனிக்கிழமை, மேஜைமேல் ஆட்டம் விரித்திருக்கிறது, திங்கட்கிழமை முதல் வேலையாக அதைப் பார்க்கலாம் என்று. சக்கரபாணியிடமும் மரியாதையாகவே சொல்லி அனுப்பினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மெர்லின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆடினாள். முதலாளி சொல்கிறாரே என்று விட்டுவிட்டாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் மரியாதை தெரிந்த பெண்.

மறுநாள் பிற்பகல் நிஜ மேகம் வந்தது. அது நான் அனுப்பியதில்லை. காரை எடுத்துக்கொண்டு கழுவெளிப் பக்கம் போனேன். பார்க்காமல் எப்படி விதியை முடிவு செய்வது?

சக்கரபாணியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். தகரத்தைத் தட்டினார். ஜெயா குனிந்த தலை நிமிராமல் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் தட்டினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். மேற்கே கருத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சித்திரை மேகம் அந்தப் பக்கம் திரண்டு கடலுக்குப் போய்விடுவது வழக்கம்தானே. போன் சொல்லாததை அவள் ஏன் நம்ப வேண்டும்?

அப்போது சக்கரபாணி நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். தன் குவியலை மூடவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாகத் தங்கையின் பாத்திக்கு ஓடினார். அவள் கையைப் பிடித்து இழுத்துக் கொட்டகைப் பக்கம் தள்ளினார். அவள் திட்டிக்கொண்டே போனாள். அவர் அங்கேயே நின்று அவளுடைய உப்பை மூட ஆரம்பித்தார். முதல் பெரிய தூறல் என் கார்க் கண்ணாடியில் விழுந்தது.

சுற்றிலும் தட்டையான வெளி. நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஹாரன் அடித்திருக்கலாமே என்கிறீர்கள். அடித்திருக்கலாம். ஆனால் ஆட்டம் நடக்கும்போது வெளியே இருக்கிறவன் சொல்லிக்கொடுப்பது முறையில்லை மேடம். கேரம் போர்டில்கூடச் செய்ய மாட்டார்கள்.

மின்னல் தாக்கி இறந்தார் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை. நான் அன்று மாலையே விதியை எழுதி முடித்தேன். ஆளுக்கு மூன்று நம்பிக்கைக் காய்கள். ஒவ்வொரு பொய் மழைக்கும் ஒன்று போகும். மூன்றும் போனால், அடுத்தவர் எதைச் சொன்னாலும் உங்களால் மூட முடியாது. ஒரே ஒரு வழிதான், சொன்னவர் தன் பாத்தியை விட்டு உங்கள் பாத்திக்கு வர வேண்டும். அந்தக் கடைசி விதி சக்கரபாணி கொடுத்தது. பெங்களூர்க்காரர் படித்துவிட்டு உடனே போன் செய்தார். இப்போதுதான் இதற்கு உயிர் வந்திருக்கிறது என்றார். சாவுக்கு ஆபீஸ் பெயரில் பெரிய மாலையாகப் போட்டேன்.

ஜெயாவுக்கு மட்டும் ஏன் போன் போகவில்லை என்று விசாரிக்கத் திங்கட்கிழமை மெர்லினை அழைத்தீர்கள். அவள் லாகின், அவள் குரல். தினமும் இதே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமையே பார்த்தேன், சரி செய்யாமல் விட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை அவளைத் தடுத்தது யார் என்று நீங்கள் கேட்டபோதும் என் பெயரைச் சொல்லவில்லையாம். மேஜையில் ஆடுகிற மாதிரியே இருக்கிறாள் இங்கேயும். அவளைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் அப்பா சர்ச் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். மழைக்கான போனை எடுத்தது சக்கரபாணி. பொய்யான போன்களை அனுப்பியது நான். தங்கையின் நம்பரை எடுத்தது நான். சரி செய்ய இருந்தவளை நிறுத்தியது நான். காரில் உட்கார்ந்து பார்த்ததும் நான்தான்.

ஒரு வாரம் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். ஐந்து நாளும் ஆபீஸ் வேலை. நேற்று முழுக்க அச்சுக்கு அனுப்புகிற வேலை. இன்றுதான் ஒழிந்தது. இந்த ஒழுங்கை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

வருகிற வழியில் கழுவெளிப் பக்கம் காரை நிறுத்தினேன். சக்கரபாணியின் உப்பு மொத்தமும் கரைந்துபோய் வெறும் மண்மேடுதான் இருக்கிறது. ஜெயா அதன்மேல் கீற்றைப் பரப்பி, தார்ப்பாயை இழுத்து, நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். மேகமே இல்லை. தினமும் காலையில் பிரித்துவிட்டு மறுபடியும் மூடுகிறாளாம், வழியில் போன அளத்துக்காரர் ஒருவர் சொன்னார்.

பார்த்ததும் இதற்கு ஒரு அட்டை போடலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.